காட்டுக்கு விலை குறித்தால் போதுமா?

2025 நவம்பரில் ஐ.நா. காலநிலை மாநாடு பிரேசிலின் பெலேம் நகரில் கூடியது. அமேசானின் முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் அது. காட்டின் வாசலிலேயே கூடுவதால் இந்த முறை காடுகளுக்கு விடிவு பிறக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால், காடழிப்பை நிறுத்துவதற்கான செயல்திட்டம் மாநாட்டின் இறுதி ஆவணத்தில் இடம்பெறவில்லை. அதைத் தன் பொறுப்பில் தனியே தயாரிப்பதாக மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரேசில் அறிவித்ததோடு விஷயம் முடிந்தது.

தீர்மானங்களுக்குப் பஞ்சமில்லை. 2030க்குள் காடழிப்புக்கு முற்றுப்புள்ளி வைப்போம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் 140க்கும் மேற்பட்ட நாடுகள் உறுதிகூறின. அதன் பிறகு வந்த 2024இல் மட்டும் வெப்பமண்டலத்தின் முதன்மைக் காடுகளில் 67 லட்சம் ஹெக்டேர் பறிபோனது. அதில் ஏறத்தாழ பாதி தீக்கு இரையானது. காட்டைக் காப்பாற்றுவதற்கென்று உலகம் வகுத்த கொள்கைக்கு 20 வயதாகிவிட்டது. அது எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்று பார்த்துவிடும் நேரம் இது.

‘ரெட்’ பிறந்த கதை

1997இல் உருவான கியோட்டோ ஒப்பந்தத்தில், வளரும் நாடுகளில் புதிதாக மரம் நட்டால் கார்பன் வரவு (உமிழ்வை ஈடுகட்டியதற்கான, விற்கக்கூடிய சான்று) கிடைக்கும்; இருக்கும் காட்டை வெட்டாமல் விட்டால் ஒன்றும் கிடைக்காது. கணக்கிடுவது கடினம், இங்கே தடுத்தால் வேறிடத்தில் வெட்டுவார்கள், மலிவான வரவுகள் சந்தையில் குவிந்து பணக்கார நாடுகள் தங்கள் உமிழ்வைக் குறைக்காமல் தப்பித்துக்கொள்ளும் என்பவையெல்லாம் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இந்த அச்சங்கள் வீண்போகவில்லை என்பதைப் பிற்பாடு பார்த்தோம்.

2005இல் மான்ட்ரியல் மாநாட்டில் பப்புவா நியூ கினியாவும் கோஸ்டா ரிகாவும் ஒரு முன்மொழிவை வைத்தன. காட்டை வெட்டினால் மரமும் சோயாவும் மாட்டிறைச்சியும் பாமாயிலும் காசாகின்றன. நிற்கும் காட்டுக்கு விலையே இல்லை. அதற்கும் ஒரு விலை கொடுங்கள், நாங்கள் வெட்டாமல் இருக்கிறோம் என்பதுதான் சாரம். அடுத்த ஆண்டு வெளிவந்த ஸ்டெர்ன் அறிக்கை, உலக உமிழ்வில் சுமார் 18 சதவீதம் காடழிப்பால் வருகிறது, இது ஒட்டுமொத்தப் போக்குவரத்துத் துறையின் உமிழ்வைவிட அதிகம் என்றது. 2007இல் பாலி மாநாட்டில் இந்த யோசனை ‘ரெட்’ திட்டம் என்ற பெயரில் பேச்சுவார்த்தையின் மையத்துக்கு வந்தது. நார்வே பெருந்தொகையை அறிவித்தது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. வெட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினால் பணம் என்றால், வெட்டாமலே காத்தவருக்கும் காட்டை வளர்த்தவருக்கும் என்ன தருவீர்கள் என்று இந்தியா விடாமல் கேட்டது. பாதுகாப்பு, நீடித்த மேலாண்மை, கார்பன் இருப்பைப் பெருக்குதல் ஆகியவையும் சேர்ந்து ‘ரெட்’ என்பது ‘ரெட் பிளஸ்’ ஆனது. 2010இல் கான்குன் மாநாடு பழங்குடிகளின் உரிமை உள்ளிட்ட பாதுகாப்பு நிபந்தனைகளை வகுத்தது. 2013இல் வார்சா மாநாடு விதிமுறைகளை இறுதிசெய்தது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு இதற்கு முத்திரை குத்தியது.

பிரேசில் சொல்லும் பாடம்

விலை கொடுத்தால் காடு பிழைக்கும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க பிரேசிலைவிடச் சிறந்த இடமில்லை. 2004இல் பிரேசிலின் அமேசான் பகுதியில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. 2012இல் இது 4,571 சதுர கிலோமீட்டராகச் சரிந்தது. எட்டே ஆண்டுகளில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்த இந்தச் சாதனைக்கு ‘ரெட்’ பணம்தான் காரணம் என்று சொல்வோர் உண்டு. ஆனால், ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் வேறு கதை தெரிகிறது. நார்வே 100 கோடி டாலர் தருவதாக வாக்களித்த அமேசான் நிதியம் தொடங்கப்பட்டது 2008இல். அதற்குள்ளாகவே காடழிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

அப்படியானால் எது தடுத்தது? அப்போது அதிபர் லூலாவின் அரசில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் மரினா சில்வா. அமேசானில் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2004இல் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு புதிதாக வெட்டப்படும் இடங்களை உடனுக்குடன் கண்டுபிடிக்கும் ஏற்பாடு வந்தது. முன்பெல்லாம் ஆண்டு முடிந்த பிறகுதான் எவ்வளவு போயிற்று என்று தெரியும். இப்போது வெட்டிக்கொண்டிருக்கும்போதே சுற்றுச்சூழல் காவல் அமைப்பான இபாமாவின் அதிகாரிகள் போய் இறங்கினார்கள். அபராதம் விதித்தார்கள், இயந்திரங்களைப் பறிமுதல் செய்தார்கள். அதிகம் வெட்டும் நகராட்சிகள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நிலத்துக்கும் சுற்றுச்சூழல் விதிகளுக்கும் உரிய ஆவணம் காட்டாதவர்களுக்கு விவசாயக் கடன் கிடையாது என்று 2008இல் உத்தரவு வந்தது. 2006 முதலே, புதிதாகக் காடழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று பெரும் வணிக நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருந்தன. காவல், கடன், கொள்முதல் மூன்றும் ஒரே நேரத்தில் இறுகியபோது ரம்பத்தின் சத்தம் குறைந்தது.

பிறகு ஆட்சி மாறியது. 2019இல் போல்சனாரோ அரசு அமேசான் நிதியத்தின் நிர்வாகக் குழுக்களைக் கலைத்தது, நிதியம் முடங்கியது. இபாமாவின் கைகள் கட்டப்பட்டன. 2021இல் காடழிப்பு 13,038 சதுர கிலோமீட்டரைத் தொட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2014, 2015ஆம் ஆண்டுகளில் குறைத்த உமிழ்வுக்காக ஐ.நா.வின் பசுமை காலநிலை நிதியம் பிரேசிலுக்கு 9.65 கோடி டாலர் ஒதுக்கியது 2019 பிப்ரவரியில். பழைய அரசின் நல்ல மதிப்பெண்ணுக்கான பரிசு, அந்த முயற்சியைக் கலைக்க வந்த அரசின் காலத்தில் கிடைத்தது. 2023இல் லூலாவும் மரினா சில்வாவும் திரும்பினார்கள், காவலும் திரும்பியது. 2025இல் காடழிப்பு சுமார் 5,800 சதுர கிலோமீட்டராக இறங்கியது.

மூன்று காலகட்டத்திலும் காடு ஒன்றுதான். மாறியது அரசின் உறுதி. நிதியம் பயனற்றது என்று சொல்லவில்லை. தீயணைப்புப் படைக்கும் நிலப் பதிவேட்டுக்கும் அது தோள்கொடுத்தது. ஆனால், செய்யத் துணிந்த அரசுக்குப் பணம் துணையாகும். துணியாத அரசைப் பணத்தால் துணியவைக்க முடியாது.

நடக்காத வெட்டுக்கு ரசீது

அரசுகளுக்கு இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருபக்கம் இருக்க, தனியார் கார்பன் சந்தை வேறொரு பாதையில் போனது. அங்கே ஒரு வரவு எப்படி உருவாகிறது என்பதை எண்களோடு பார்த்தால்தான் கோளாறு புரியும். எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனம் ஒரு லட்சம் ஹெக்டேர் காட்டைப் பாதுகாக்க முன்வருகிறது. ‘எங்கள் திட்டம் இல்லாவிட்டால் ஆண்டுக்கு 2,000 ஹெக்டேர் அழியும்’ என்று முன்கணிப்பு தருகிறது. உண்மையில் அழிந்தது 200 ஹெக்டேர். மிச்சம் 1,800 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 500 டன் கரியமில வாயு என்று வைத்தால், 9 லட்சம் வரவுகள் சந்தைக்கு வரும். அந்தப் பகுதியில் திட்டம் இல்லாமலே 300 ஹெக்டேர்தான் அழிந்திருக்கும் என்றால்? உண்மையில் காப்பாற்றியது 100 ஹெக்டேர், அதாவது 50,000 டன். மீதி எட்டரை லட்சம் டன் வெறும் காகிதம். அந்தக் காகிதத்தை வாங்கிய விமான நிறுவனமோ எண்ணெய் நிறுவனமோ அதே அளவு புகையைக் காற்றில் கலந்துவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று விளம்பரம் செய்யும்.

முன்கணிப்பைத் தருபவரும் வரவை விற்பவரும் ஒருவரே. கணிப்பு எவ்வளவு பயங்கரமாக இருக்கிறதோ, அவ்வளவு லாபம். இது வெறும் சந்தேகம் அல்ல. 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, ஆறு நாடுகளில் நடந்த இத்தகைய திட்டங்களை ஆராய்ந்தது. கணக்கிட முடிந்த திட்டங்கள் எதிர்பார்த்த வரவுகளில் 6 சதவீதம் மட்டுமே உண்மையான உமிழ்வுக் குறைப்போடு பொருந்தின. வரவுகளுக்குச் சான்றளிக்கும் வெர்ரா நிறுவனம் இத்தகைய விமர்சனங்களை மறுத்தது. ஆனாலும் தன் கணக்கிடும் முறையை அதே ஆண்டில் மாற்றியமைத்தது.

கணக்கு நேர்மையாகவே இருந்தாலும் அடிப்படைச் சிக்கல் தீராது. பூமிக்கடியிலிருந்து தோண்டி எரித்த நிலக்கரியின் கார்பன் நூற்றாண்டுகளுக்கு வளிமண்டலத்தில் நிற்கும். மரத்தில் இருக்கும் கார்பனுக்கு அப்படி உத்தரவாதம் இல்லை. ஒரு வறட்சி, ஒரு தீ போதும். நிரந்தரமாக வெளியேறியதைத் தற்காலிகமாக நிற்பதைக் கொண்டு ஈடுகட்ட முடியாது.

கயானாவின் இக்கட்டு

இந்த முரண் முழுவதையும் ஒரே நாட்டில் பார்க்கலாம். தென்னமெரிக்காவின் கயானாவில் நிலப்பரப்பின் 85 சதவீதம் வாக்கில் காடு. அங்கே காடழிப்பு எப்போதும் குறைவு. 2009இல் நார்வே 25 கோடி டாலர்வரை தர ஒப்புக்கொண்டது. 2019இல் அதே கயானாவின் கடலடியில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். 2022 டிசம்பரில் ஹெஸ் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம், 2016 முதல் 2030 வரையிலான காலத்துக்கு 3.75 கோடி கார்பன் வரவுகளைக் குறைந்தது 75 கோடி டாலருக்கு வாங்குவதாக கயானா அரசுடன் ஒப்பந்தம் செய்தது. கயானாவின் கடலில் எண்ணெய் எடுக்கும் கூட்டணியில் அப்போது அந்த நிறுவனமும் ஒரு பங்குதாரராக இருந்தது!

வருமானத்தில் 15 சதவீதம் பழங்குடிக் கிராமங்களுக்குப் போகும் என்று அரசு அறிவித்தது. கிராமங்களின் முறையான ஒப்புதல் இல்லாமலே வரவுகள் வழங்கப்பட்டதாகப் பழங்குடி அமைப்பொன்று, அவற்றுக்குச் சான்றளித்த அமைப்பிடம் முறையிட்டது. கயானாவைக் குறைசொல்லிப் பயனில்லை. காட்டைக் காத்த ஏழை நாடு அதற்கான பலனைக் கேட்பது நியாயம்தான். அந்தப் பணம் எண்ணெய்க்கான பாவமன்னிப்புச் சீட்டாக மாறுவதுதான் அநியாயம். அமேசான் நிதியத்துக்குப் பணம் தந்த நார்வேக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழ் மட்டுமே. அதைக் காட்டித் தன் உமிழ்வைக் கழித்துக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்தக் கொள்கையின் நாணயம் இருக்கிறது.

அப்படித் தரப்படும் பணமும் நேரத்துக்கு வருவதில்லை. இந்தோனேசியாவுக்கு நார்வே 2010இல் 100 கோடி டாலர் வாக்களித்தது. உமிழ்வுக் குறைப்புக்கான முதல் தவணையே வரவில்லை என்று 2021இல் இந்தோனேசியா ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. மறு ஆண்டு புதிய ஒப்பந்தம் போட்ட பிறகுதான் 5.6 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. பெலேமில் பிரேசில் அறிமுகப்படுத்திய வெப்பமண்டலக் காடுகளுக்கான நிதியம், நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 4 டாலர் தரும். அதில் 20 சதவீதம் பழங்குடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும். கார்பன் வரவு விற்பனை இல்லை என்பது வரவேற்கத்தக்கது. ஆனால், அரசுகளிடமிருந்து திரட்ட வேண்டிய 2,500 கோடி டாலரில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட மாநாடு முடியும்வரை வாக்குறுதி கிடைக்கவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

உலக அரங்கில் காடு காப்பவராகப் பேசும் இந்தியா, வீட்டில் என்ன செய்கிறது? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மரக்கவிப்பு இருந்தால், யாருடைய நிலமாக இருந்தாலும், தோப்பாக இருந்தாலும், நமது அரசுக் கணக்கில் அது வனப்பரப்பு. இயற்கைக் காடு போய்த் தோப்பு வந்தால் புள்ளிவிவரம் அசையாது. கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் அமைக்கச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு விட்டுக்கொடுக்கப்படுகிறது. ஈடாக மரம் வளர்க்கத் தேர்ந்தெடுத்த இடம் ஹரியானா! தனியார் சந்தையில் நடக்கும் காகித வித்தைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பிரேசிலின் மத்தோ குரோசோ மாநிலத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். சோயா வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் நெருக்கி நிற்க, நடுவே ஷிங்கு பழங்குடிப் பகுதியின் எல்லை பச்சைக் கோடாகத் துலங்கும். நிலம் யாருடையது என்று சட்டம் சொன்ன இடத்தில் காடு பிழைத்திருக்கிறது. நம்மிடமும் அதற்கான சட்டம் இருக்கிறது. 2006 வனவுரிமைச் சட்டப்படி 2009இல் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா கிராமம் சமூக வன உரிமை பெற்றது. அந்த வழியில் போக வேண்டிய கிராமங்கள் ஏராளம்.

ஆகவே, ‘ரெட் பிளஸ்’ திட்டத்தைத் தூக்கியெறிய வேண்டாம், திருத்த வேண்டும். காட்டுக்காகத் தரும் பணம் தருபவரின் புகைக்கு ஈடாகக் கூடாது. கணிப்புக்குப் பணம் என்ற முறை ஒழிய வேண்டும். நாடு முழுவதற்குமான, செயற்கைக்கோள் சரிபார்த்த கணக்குக்கே பணம் தர வேண்டும். காட்டில் வாழ்பவரின் நில உரிமை உறுதியாகாத இடத்தில் ஒரு வரவுகூட வழங்கப்படக் கூடாது. அடுத்த மாநாட்டில் இதை உரக்கச் சொல்லும் தகுதி இந்தியாவுக்கு வேண்டுமென்றால், நிலுவையில் உள்ள சமூக வன உரிமை விண்ணப்பங்களுக்கு முதலில் பட்டா வழங்கட்டும். கிரேட் நிக்கோபார் அனுமதியை மறுபரிசீலனை செய்யட்டும்.