குருதியழுத்தமும் அரசின் கடமையும்

1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூளையில் குருதி கசிந்து மாண்டார். ஓராண்டுக்கு மேலாகவே அவருடைய குருதியழுத்தம் மிக உயர்ந்திருந்ததை மருத்துவர் அறிந்திருந்தனர். அறிந்தும் பயனில்லை, அதனை அடக்கவல்ல, நம்பத்தக்க மருந்து அன்று எவரிடமும் இல்லை. அழுத்தத்தைக் குறைத்தால் உறுப்புகளுக்குக் குருதி எட்டாது போகும் என்று அஞ்சிய மருத்துவரும் பலர்.

அவ்வச்சத்தைப் போக்கியது, எட்வர்டு ஃபிரைஸ் தலைமையில் அந்நாட்டு முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு. அதன் முதல் முடிவு 1967இல் வெளியாயிற்று. குருதியழுத்தத்தின் கீழளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மருந்தும், ஏனையோர் அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையும் உண்டனர். வெற்று மாத்திரை உண்டோரிடையே கடுங்கேடுகள் 27 நேர்ந்தன, நால்வர் இறந்தனர். மருந்துண்டோரிடையே நேர்ந்த கேடு இரண்டே, ஒருவரும் இறக்கவில்லை. அந்நிலையில் ஆய்வை நீட்டிப்பது அறமன்று என அப்பிரிவை நிறுத்தினர்.

அவ்வாய்வில் மருந்துண்டோர்க்குத் தந்த மூன்று மருந்துகளுள் ஒன்று ரிசர்பின். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது அது. அவ்வேர் குருதியழுத்தத்தைத் தணிப்பதை 1949இல் பிரித்தானிய இதயவியல் இதழில் எழுதி உலகறியச் செய்தவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். இம்மண்ணின் வேரும் இந்நாட்டு மருத்துவர் ஒருவரின் உழைப்பும் அம்மெய்ப்பிப்பில் பங்கு கொண்டன என்பதை நாம் மறத்தல் தகாது.

குருதியழுத்தத்தின் மேலளவை 140க்குக் கீழே நிறுத்தினால் போதுமா, 120க்குக் கீழே இறக்க வேண்டுமா என்று 9,361 பேரிடம் ஆராய்ந்த ஸ்பிரிண்ட் ஆய்வு, 2015இல் பின்னதற்கே சான்று பகர்ந்தது. தேவையான ஆய்வுதான். ஆயினும் 160, 180 என்ற அளவில் மருந்தின்றி உழல்வோர்க்கு அந்நுணுக்கம் எம்மட்டு? உயர் குருதியழுத்தமுடையோர் ஐவருள் நால்வர் போதிய மருத்துவம் பெறவில்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவித்தது. மருந்துகளோ பெரும்பாலும் பழையன, மலிவானவை.

பின் ஏன் இந்நிலை? வலியில்லாத நோய் இது. உடல் நலமாயிருப்பதாக உணர்பவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வந்தவர், மருந்து இருப்பில்லை என்று திருப்பியனுப்பப்பட்டால் மறுமுறை வருவாரா? வராதவரை மீண்டும் நாம் காண்பது பக்கவாதப் படுக்கையில்தான். இது நோயாளியின் அசட்டை என்று கூறி அரசு ஒதுங்குதல் பெரும்பிழை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இக்குறையை உணர்ந்து வகுத்த திட்டம். மருந்து வீட்டுவாயிலுக்கே வருகிறது. அதனை மனமார வரவேற்கிறோம். ஆயின் எத்தனை பேர் பதிவாயினர், எத்தனை பேர்க்கு மாத்திரை வழங்கினோம் என்னும் கணக்கு போதாது. உயிர்களைக் காத்தது பதிவேடன்று. நாள்தோறும் தவறாது உண்ட மருந்தால் தாழ்ந்து நின்ற அழுத்தமே. எனவே ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும், தன் பொறுப்பிலுள்ள நோயாளருள் எத்தனை பேர்க்கு அழுத்தம் கட்டுக்குள் உள்ளது என்பதை மூன்று திங்களுக்கொருமுறை வெளியிடுதல் வேண்டும். மருந்து தீர்ந்து கிடந்த நாள்கள் எத்தனை என்பதையும் அதே அறிக்கையில் மறையாது காட்டுதல் வேண்டும்.