பதக்கம் இருக்கட்டும், கணக்கு எங்கே?

"கடைசியில் பதக்கம் கொடுத்துட்டாங்களே தோழர், நீதி ஜெயிச்சிடுச்சே!" டிரைஃபஸ் வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னிடம் இப்படிச் சொல்லிவிடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த நீதி அய்யா ஜெயித்தது?

ஆல்ஃபிரட் டிரைஃபஸ் பிரெஞ்சு இராணுவத்தின் பீரங்கிப்படை கேப்டன். யூதர். ஜெர்மன் தூதரகத்துக் குப்பைக்கூடையிலிருந்து கிழிந்த கடிதம் ஒன்று சிக்கியது. எவனோ இராணுவ இரகசியத்தை விற்கிறான். எவன்? கையெழுத்து ஒத்துப்போவதாகச் சிலர் சொன்னார்கள். யூதன் என்பதால் அதுவே போதுமானதாகிவிட்டது. 1894இல் மூடிய அறையில் விசாரணை. வக்கீல் கண்ணிலேயே காட்டாத கோப்பை நீதிபதிகளிடம் இரகசியமாகக் கொடுத்தார்கள். ஆயுள் தண்டனை. 1895 ஜனவரி 5இல் பாரிஸ் இராணுவப் பள்ளி முற்றத்தில் அவர் சீருடைப் பட்டைகளைப் பிய்த்தெறிந்து, வாளை முறித்தார்கள். "நான் நிரபராதி" என்று அவர் கத்தினார். "யூதர்களுக்குச் சாவு" என்று கூட்டம் கத்தியது.

பிறகு தென்னமெரிக்கக் கரையோரம் சாத்தான் தீவு. நான்கு ஆண்டுகளுக்கு மேல். கொஞ்சகாலம் இராத்திரியில் கட்டிலோடு சேர்த்து விலங்கு.

உண்மைக் குற்றவாளி எஸ்தர்ஹாசி என்று உளவுப்பிரிவுத் தலைவர் பிக்கார் 1896லேயே கண்டுபிடித்துவிட்டார். இராணுவம் என்ன செய்தது? 1898இல் எஸ்தர்ஹாசியை விடுவித்தது, பிக்காரை வெளியேற்றியது. 1899 மறுவிசாரணையிலும் டிரைஃபஸ் குற்றவாளி என்றே தீர்ப்பு, அப்புறம் மன்னிப்பு! செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பாம். 1900இல் ஒரு சட்டம் போட்டு, சதி செய்த தளபதிகளையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

1906 ஜூலையில்தான் தீர்ப்பு ரத்தானது. அதே இராணுவப் பள்ளியின் இன்னொரு முற்றத்தில் செவாலியே பதக்கத்தை நெஞ்சில் குத்தினார்கள். கைதட்டினார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பிக்கார் வெளியே இருந்த ஆண்டுகளைப் பணிக்காலமாகச் சேர்த்து அவரை ஜெனரல் ஆக்கினார்கள். டிரைஃபஸ் தீவில் கிடந்த ஆண்டுகளைச் சேர்க்கவில்லை. மேஜர் பதவியோடு சரி. முறையிட்டார். அப்போது போர் அமைச்சர் யார் தெரியுமா? அதே பிக்கார். திருத்த மறுத்துவிட்டார். 1907இல் டிரைஃபஸ் ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். 1908இல் எமிலி ஜோலாவின் அஸ்தியை தேசிய நினைவிடத்தில் வைக்கும் விழாவில் அவரைச் சுட்டான் ஒருவன். காயத்தோடு பிழைத்தார். சுட்டவனை நீதிமன்றம் விடுதலை செய்தது. பதக்கம் குண்டைத் தடுக்குமா?

அப்படியிருந்தும் 1914இல் போர் வந்ததும் மறுபடி சீருடை மாட்டி, 1917இல் போர்முனையில் பீரங்கிகளோடு நின்றார். தேசபக்தியை எத்தனை தடவைதான் ஒரு மனுசன் நிரூபிப்பது?

1980களில் அவருக்குச் செய்த சிலையை அந்தப் பள்ளி முற்றத்தில் வைக்க இராணுவம் ஒத்துக்கொள்ளவில்லை. 2025இல்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டம் போட்டு அவருக்கு ஜெனரல் பதவி தந்தது. அவர் செத்து 90 வருசம் கழித்து!

பதக்கத்தை வாங்காதே என்று நான் சொல்லவில்லை. டிரைஃபஸ் வாங்கினார், அது அவர் உரிமை. ஆனால் பட்டையைப் பிய்த்ததும் பதக்கத்தைக் குத்தியதும் ஒரே இராணுவம்தான். பதக்கம் குத்தியதோடு தன் கணக்கு தீர்ந்தது என்று அது நினைக்கிறது. நாம் கைதட்டினால் அந்தக் கணக்கை நாமே தீர்த்துக் கொடுக்கிறோம். திருடிய ஆண்டுகள் எங்கே, திருடியவனுக்கு என்ன தண்டனை? விழா மேடையிலேயே இதைக் கேளுங்கள் தோழர்களே. அதற்குப் பிறகு கைதட்டலாம்.