முதல் கை எழுந்தால் இரண்டாவது கை எழட்டும்



பல வருஷங்களுக்கு முன் சங்க வேலையாக ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் போயிருந்தோம். லயத்துக் குழாயில் சேற்றுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். "இந்தத் தண்ணிய மாடுகூட குடிக்காதுங்க, சும்மா விடக்கூடாது" என்று எல்லாரும் கொதித்தார்கள்.

அன்றிரவு கோயில் மண்டபத்தில் கூட்டம். "நாளைக்கு மேனேஜரைப் பார்க்க எங்களோடு யார் வருவது?" என்று கேட்டோம். ஒரு கை எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் தரையைப் பார்த்தார்கள்.

நமக்குக் கோபம் வந்தது. 'முதுகெலும்பு இல்லாத ஜனங்கள்' என்று மனசுக்குள் திட்டினோம். அது நம்முடைய தப்பு என்பது பிற்பாடுதான் புரிந்தது.

அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1951-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார். ஓர் அறையில் சில கல்லூரி மாணவர்கள். ஒரு கோட்டைக் காட்டி, இதே நீளமுள்ள கோடு மற்ற மூன்றில் எது என்று கேள்வி. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அங்கே சோதிக்கப்பட்டவர் ஒருவர்தான். மற்ற எல்லாரும் பேராசிரியர் சொல்லிவைத்தபடி, பல தடவை ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். கண்ணுக்கு நேராக உண்மை தெரிந்தும், அப்படிப்பட்ட சமயங்களில் மூன்றில் ஒரு தடவை அந்த மாணவர்களும் தப்பையே சொன்னார்கள். நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சாய்ந்தார்கள்.

அவர்களுக்கு வேலை போகுமா? சம்பளம் வெட்டுவார்களா? ஒன்றுமில்லை. அவர்களே சாய்ந்தார்கள் என்றால், வேலையும் குடியிருக்கும் வீடும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும் பாட்டாளி தயங்குவதில் என்ன அதிசயம்?

முக்கியமான விஷயம் இனிமேல்தான். அதே அறையில் உண்மையைச் சொல்ல இன்னும் ஒரே ஓர் ஆளை உட்காரவைத்தார் ஆஷ். தப்பான பதில்கள் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன! வாயால் சொல்லாமல் தாளில் தனியாக எழுதச் சொன்னபோதும் குறைந்தன. வேலைநிறுத்தத்துக்கு இரகசிய வாக்கெடுப்பு ஏன் வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

நாமும் மறுநாள் கூட்டம் போடவில்லை. பால்மரம் வெட்டும் ஓர் அக்கா வீட்டுக்குப் போனோம். "நான் பேசுறேன் தம்பி. ஆனா தனியா விட்டுறாதீங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசிவைத்தோம். அடுத்த கூட்டத்தில் அக்கா எழுந்தார். அவர் உட்காருமுன் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தார். அதன்பிறகு நாம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குழாய் சரியாக இரண்டு மாதம் பிடித்தது. ஆனாலும் சரியானது.

சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமே முதலில் பேசிவிட்டு, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டால் வருகிற மௌனம் சம்மதமாகாது. கடைசியில் பேசுவோம், முதலில் கேட்போம்.

தோழர்களே! எல்லாரும் வீரராக வேண்டாம். நியாயத்துக்காக ஒருவர் எழுந்தால், அவரைத் தனியாக நிற்க விடாதீர்கள். அது போதும்.