அரிமானத்தை அளப்பது எவர் பொறுப்பு?

இரும்பு இயற்கையில் தனி உலோகமாகக் கிடைப்பது அரிது. ஆக்ஸிஜனோடு கலந்த தாதுப் பொருளாகவே அது மண்ணுள் கிடக்கிறது. உலையில் பெரும் வெப்பத்தைச் செலவிட்டு மனிதன் அதனைப் பிரித்தெடுக்கிறான். ஈரமும் காற்றும் உப்பும் சேர்ந்து அதனை மீண்டும் பழைய நிலைக்கே கொண்டு செல்ல ஓயாது முயல்கின்றன. இம்மாறுதலே அரிமானம் எனப்படுவது. பாலத்தின் கைப்பிடியிலும் கதவின் கீலிலும் தோன்றும் துரு கண்ணுக்குப் புலனாகிறது. உடனே வண்ணம் பூசப்படுகிறது. ஆனால் மண்ணுக்கடியில் செல்லும் எண்ணெய்க் குழாயின் உட்சுவரிலும், கொதிகலத்துக்கு நீர் செல்லும் வழியிலும், கான்கிரீட்டினுள் புதைந்த கம்பியிலும் நிகழும் தேய்வை எவரும் காண்பதில்லை. ஆபத்து அதிகம் உள்ள இடமும் இதுவே.

அரிமானப் பொறியாளர்களின் சர்வதேசச் சங்கமாகிய நேஸ் 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2013ஆம் ஆண்டின் கணக்குப்படி உலக நாடுகளுக்கு அரிமானத்தால் நேரும் செலவு ஏறத்தாழ 2.5 இலட்சம் கோடி டாலர். அதாவது உலக மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம். கைவசம் உள்ள முறைகளைச் செவ்வனே கையாண்டாலே இச்செலவில் 15 முதல் 35 சதவீதம் வரை மிச்சப்படுத்தலாம் என்பதும் அவ்வாய்வின் முடிவு. புதிய கண்டுபிடிப்புகளுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. உள்ள அறிவைப் பயன்படுத்தினாலே போதும் என்பது இதன் பொருள்.

பொருட்சேதம் மட்டுமே இதில் அடங்கியதன்று. 2014ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் விடியற்காலையில், ஆந்திரப் பிரதேசத்தின் அன்றைய கிழக்குக் கோதாவரி மாவட்டத்தில், நகரம் என்னும் பெயருடைய சிற்றூரின் வழியே சென்ற இயற்கை வாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலர்ந்த வாயுவுக்கென அமைந்த குழாயில் ஈரம் கலந்த வாயு சென்றதும், அதனால் குழாய் உள்ளிருந்தே அரிக்கப்பட்டதும் விசாரணையில் வெளியாயின. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாத் நகருக்கு அருகே 30 அங்குலக் குழாய் ஒன்று இதே போன்று வெடித்து, ஆற்றங்கரையில் கூடாரமிட்டுத் தங்கியிருந்த 12 பேரின் உயிரைக் குடித்தது. அங்கும் காரணம் உட்சுவர் அரிமானமே. இரு குழாய்களின் சுவரும் ஒரே இரவில் தேய்ந்துவிடவில்லை; படிப்படியாகவே தேய்ந்தன. அத்தகைய தேய்வை முன்கூட்டி அறிய வழி உண்டா என்பதே கேள்வி.

வழி உண்டு. அதுவும் புதியதன்று. உலோக அரிமானத்தை மின்தடையின் வாயிலாக அளக்கும் முறை 1950களிலேயே எண்ணெய்த் தொழிலில் இடம் பெற்றுவிட்டது. அதன் அடிப்படையோ பள்ளி மாணவரும் அறிந்ததே. ஒரு கம்பியின் மின்தடை அதன் நீளத்துக்கு நேர்விகிதத்திலும், குறுக்குப் பரப்புக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். கம்பி அரிபட்டு மெலியுமானால் குறுக்குப் பரப்பு குறைகிறது, மின்தடை உயர்கிறது. துருவில் மின்சாரம் எளிதில் செல்லாதாகையால், துரு கம்பியின் மீதே ஒட்டிக்கொண்டிருந்தாலும் எஞ்சிய உலோகத்தின் அளவே மின்தடையில் வெளிப்படுகிறது.

இதற்கு முன்னிருந்ததும் இன்றும் வழக்கிலுள்ளதுமான முறை, எடையறிந்த உலோகத் தகடு ஒன்றைக் குழாயினுள் தொங்கவிட்டு, சில மாதங்கள் கழித்து வெளியே எடுத்து, துருவை நீக்கி, மீண்டும் எடை போடுவதாகும். நம்பத்தக்க முறையே அது. எனினும், இத்தனை மாதங்களில் இவ்வளவு தேய்ந்தது என்பதை மட்டுமே அது கூறும். எந்த வாரத்தில் தேய்ந்தது, எதனால் தேய்ந்தது என்பதைக் கூறாது. மின்தடை ஆய்முனையோ குழாயினுள் இருந்தபடியே நாள்தோறும் செய்தி தருகிறது. மேலும், நீர்க்கரைசல் சூழ்ந்திருந்தால்தான் இயங்கும் மின்வேதியியல் அளவிகளைப் போலன்றி, எண்ணெயிலும் வாயுவிலும் மண்ணிலும் கான்கிரீட்டிலும் இது பயன்படும்.

இம்முறையில் ஓர் இடையூறு உண்டு. வெப்பம் ஏறினாலும் இரும்பின் மின்தடை உயரும்; ஒரு பாகை செண்டிகிரேடுக்கு ஏறத்தாழ அரை சதவீதம். கால் மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் மின்தடை சுமார் 11 சதவீதம் உயரும். வெப்பநிலை 20 பாகை உயர்ந்தாலும் ஏறத்தாழ அதே அளவு உயரும். காலையில் ஒரு முறையும் நண்பகலில் ஒரு முறையும் அளந்தவர், குழாய் அரை நாளில் அரிபட்டுப் போயிற்று என்று அஞ்ச நேரிடும். ஆதலால் ஆய்முனையில் ஒரே உலோகத்தாலான இரண்டு உறுப்புகள் வைக்கப்படுகின்றன. ஒன்று அரிமானத்துக்கு வெறுமையாக விடப்பட்டது. மற்றொன்று காப்புப் பூச்சினுள் மூடப்பட்டது. இரண்டும் ஒரே வெப்பத்தில் இருப்பதால், அவற்றின் மின்தடைகளுடைய விகிதத்தில் வெப்பத்தின் விளைவு பெரும்பாலும் நீங்கித் தேய்வு மட்டுமே எஞ்சுகிறது.

கிடைத்த அளவைக் கணக்கிடுவதும் எளிதே. 30 நாள் இடைவெளியில் உறுப்பின் கனம் 0.004 மில்லிமீட்டர் குறைந்தது எனக் கொள்வோம். அதனை 365ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் என்று வரும். குழாயின் சுவரில் தேய்வுக்கென 3 மில்லிமீட்டர் கூடுதலாக ஒதுக்கப்பட்டிருக்குமாயின், அது சுமார் 60 ஆண்டுகள் தாங்கும். தேய்வு வேகம் பத்து மடங்காகுமானால் 6 ஆண்டுகளே தாங்கும். இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு, குழாய்க்குள் அரிமானத் தடுப்பானைச் செலுத்தும் பம்பு ஒன்று பழுதுற்று நின்றதாலும் நேரலாம். அப்பழுதைச் சில நாட்களிலேயே காட்டிக் கொடுப்பதுதான் மின்தடை அளவியின் சிறப்பு.

இத்தகைய கருவி கைக்கு எட்டியிருந்தும் விபத்துகள் நிகழ்வதேன்? கருவியை வாங்குவது ஒரு காரியம். அதன் அளவை உரிய காலத்தில் உணர்ந்து செயற்படுவது வேறொரு காரியம். முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்கு, அருகில் நின்று அளவைப் பார்க்கும் மனிதர் அதன் பொருளை அறிந்திருத்தல் வேண்டும். அளவெடுப்பவர் ஒருவராகவும், அதன் பொருளை அறிந்தவர் தொலைவிலுள்ள அலுவலகத்தில் மற்றொருவராகவும் இருக்கும் ஏற்பாட்டில், எச்சரிக்கை வழியிலேயே தங்கிவிடும்.

இக்காலத்தில் அளவுகள் தாமே கணிப்பொறிக்குச் சென்று சேர்கின்றன. கள ஊழியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வாதிக்கக்கூடும். தானியங்கும் சாதனங்கள் வரவேற்கத்தக்கவையே. ஆயினும், இம்முறையின் குறைபாடுகளை அறிந்தவர் இவ்வாதத்தை முற்றிலும் ஏற்கமாட்டார். முதலாவதாக, மின்தடை அளவி பரவலாக நிகழும் சீரான தேய்வையே செம்மையாகக் காட்டும். ஓரிடத்தில் மட்டும் ஊசித் துளை போல் ஆழ்ந்து செல்லும் குழியரிமானத்தை அது நம்பத்தக்க முறையில் காட்டாது. இரண்டாவதாக, ஹைட்ரஜன் சல்பைடு கலந்த வாயுவில் இரும்பின் மீது படியும் இரும்புச் சல்பைடு மின்சாரத்தைக் கடத்தும். அப்போது தேய்வு உண்மையினும் குறைவாகத் தோன்றும். சில வேளைகளில் உலோகம் வளர்ந்ததாகவும்கூடக் கருவி கூறும். மூன்றாவதாக, நீர் தேங்குவது குழாயின் அடிப்புறத்தில். ஆய்முனையை மேற்புறத்தில், வாயு மட்டும் செல்லும் இடத்தில் பொருத்திவிட்டு, தேய்வே இல்லை என்று மகிழ்ந்திருப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

இக்குறைகளைக் கணிப்பொறி தானாக அறியாது. எந்த வளைவில் நீர் தேங்கும், எந்த நாளில் பம்பு நின்றது, எந்தக் கிணற்று வாயுவில் ஈரம் மிகுந்தது என்பவற்றை அறிந்தவர் அங்கேயே பணிபுரியும் ஊழியரே. அவருடைய அறிவும் கருவியின் எண்ணும் ஒரே ஏட்டில் சேர்ந்தால்தான் அளவீடு முழுமை பெறும். ஆகவே மூன்று ஏற்பாடுகள் வேண்டத்தக்கன. ஒவ்வோர் ஆய்முனைக்கும் களத்திலேயே ஒரு பதிவேடு இருத்தல் வேண்டும். அளவோடு வெப்பநிலை, தடுப்பான் செலுத்திய அளவு, வழக்கத்துக்கு மாறான நிகழ்ச்சிகள் ஆகியவையும் அதில் எழுதப்படல் வேண்டும். ஆய்முனைக்கு அருகில் எடைத் தகடும் தொங்கவிடப்பட்டு, இரண்டின் முடிவும் குறித்த காலத்தில் ஒப்பிடப்படல் வேண்டும். குழியரிமானத்தையும் சல்பைடுப் படிவையும் தகடு காட்டிக் கொடுக்கும். தேய்வு வேகம் குறித்த வரம்பைத் தாண்டினால், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் உடனே செய்யத்தக்கவை யாவை என்பதும், அவற்றைச் செய்யும் அதிகாரமும் ஊழியருக்கு எழுத்தில் வழங்கப்படல் வேண்டும்.

இம்மூன்றும் நிறைவேற இன்னொன்றும் தேவை. கருவியோடு வரும் கையேடு ஊழியருக்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். அஸ்ஸாமில் அஸ்ஸாமியும், குஜராத்தில் குஜராத்தியும், கோதாவரிக் கரையில் தெலுங்கும் பேசுகிறவர்கள் ஆங்கிலக் குறிப்பை மனப்பாடம் செய்து பொத்தானை அழுத்துவதில் பயன் குறைவு. விகிதம், தேய்வு வேகம், வரம்பு என்னும் சொற்கள் தாய்மொழியில் மனத்தில் பதிந்தவருக்கே, கண்ணெதிரே உள்ள எண்ணைப் பார்த்து ஐயுறும் துணிவு பிறக்கும். ஐயுறாத ஊழியர் எண்ணை எழுதுவார். ஐயுறும் ஊழியரே விபத்தைத் தடுப்பார்.

அந்த ஐயத்தை வளர்க்கும் இடம் பள்ளிக்கூடம். மேல்நிலைப் பள்ளிகளின் ஆய்வுக்கூடத்தில் மீட்டர் பாலம் உண்டு. துத்தநாகப் பூச்சில்லாத, 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் கம்பியில் ஒரு மீட்டர் நீளத் துண்டுகள் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் மின்தடையும் ஏறத்தாழ 3 ஓம் இருக்கும். ஒன்றுக்கு வார்னிஷ் பூசி, மற்றொன்றை வெறுமையாக விட்டு, முனைகள் மட்டும் நனையாதபடி இரண்டையும் உப்பு நீரில் இட்டு வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை எடுத்து, நன்னீரில் அலசி, உலர்த்தி, பாலத்தின் இரு இடைவெளிகளிலும் இணைத்தால், தொடக்கத்தில் 50 செண்டிமீட்டருக்கு அருகில் இருந்த சமநிலைப் புள்ளி நகரத் தொடங்கும். வெறுங்கம்பியின் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு குறையும்போது அப்புள்ளி ஏறத்தாழ 2.6 செண்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பெரிய ஆலைகளில் நிகழும் அளவீடு முழுவதும் இச்சிறு பரிசோதனையில் அடங்கியிருக்கிறது. மின்தடை விதியைத் தேர்வுக்காக மட்டும் படித்த மாணவன், அது மனித உயிரைக் காக்கும் விதி என்பதை அன்று உணர்வான்.

நாட்டில் இத்துறைக்கு ஆராய்ச்சிப் பின்னணி இல்லாமலும் இல்லை. 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953 ஜனவரியில் காரைக்குடியில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிமானத்தைத் தன் முதன்மையான துறைகளுள் ஒன்றாகக் கொண்டது. கடற்காற்றின் கொடுமையை ஆராய மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையமும் உண்டு. ஆராய்ச்சியாளரின் அறிவு ஊழியரின் பதிவேட்டையும் ஆசிரியரின் வகுப்பறையையும் எட்டுவதே இனி நடைபெற வேண்டிய பணி.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது அனைவரும் அறிந்த முதுமொழி. அணை கோலுதற்கு முன் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நாள்தோறும் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். குழாயின் சுவரைப் பொறுத்தவரை அப்பணி கருவியுடையதன்று, கருவிக்கு அருகில் நிற்கும் ஊழியருடையது. அவருக்கு அறிவையும் ஏட்டையும் அதிகாரத்தையும் ஒருங்கே அளிப்பதே, அரிமானத்துக்கு எதிராகச் செய்யத்தக்கவற்றுள் செலவு மிகக் குறைந்ததும் பயன் மிகுந்ததும் ஆகும்.