கண்ணுக்குள் இருந்த வயது



மீன் தலையைத் துப்புரவு செய்யும்போது சிலவற்றின் உள்ளே வெண்மையான இரண்டு சிறு கற்களைக் கண்டிருப்பீர்கள். அக்கல்லை மெல்லியதாக அறுத்து, மரத்தில் வளையம் எண்ணுவது போல எண்ணி மீனின் வயதைக் கணிக்கிறார்கள்.

சுறாவுக்கு அப்படியான கல் இல்லை. முள்ளந்தண்டிலோ, முதுகுத் துடுப்பின் முன்னாலுள்ள முள்ளிலோ தான் வளையம் தேட வேண்டும். ஆழ்கடலில் வாழும் கிறீன்லாந்துச் சுறாவிடம் அந்த முள்ளும் கிடையாது, முள்ளந்தண்டும் மென்மையானது. வட அத்திலாந்திக்கிலும் ஆர்க்டிக் கடலிலும் வாழும் இது, குளிர்ந்த வடக்கில் மேல்மட்டம் வரை வரும். தெற்கே போகப் போக குளிரைத் தேடி 2,000 மீற்றருக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே இது எங்கெல்லாம் பரந்திருக்கிறது என்பதை அறிவதும் இலேசல்ல.

இதன் வயதைக் கண் சொல்லிற்று. கண்வில்லையின் நடுப்பகுதி தாயின் வயிற்றிலேயே உருவாகி, பின்னர் மாறாமல் இருக்கிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காபன் 14 காற்றிலும் கடலிலும் பெருகியது. அதன் அடையாளம் வில்லையின் நடுவில் இருந்தால், சுறா அதற்குப் பின் பிறந்தது. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 28 பெண் சுறாக்களைப் பரிசோதித்து 2016இல் முடிவை வெளியிட்டது. மிகச் சிறியவற்றில் மட்டுமே அவ்வடையாளம் இருந்தது. ஐந்து மீற்றர் நீளமான மிகப் பெரிய சுறாவின் வயது 272க்கும் 512க்கும் இடையில் என்று கணித்தார்கள். குறைந்த கணக்கை எடுத்தாலும், நமது கரைகளை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் பிறந்தது அது!

இன்னொன்றையும் கவனியுங்கள். இச்சுறா குட்டி போடும் பருவத்தை அடையச் சுமார் 150 வருடங்கள் ஆகுமாம். இன்று வலையில் சிக்கும் தாய்ச் சுறாவின் இடத்தை நிரப்ப, நமது பேரப்பிள்ளைகளின் காலமும் போதாது. வயதை அறியாமலேயே, ஈரல் எண்ணெய்க்காக முன்பு இவற்றைப் பெருந்தொகையாகப் பிடித்தார்கள்.

இதே கதை நமக்கு அண்மையிலும் நடந்தது. மாலைதீவில் 1980களில் வேறோர் இன ஆழ்கடல் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒரு தடவையில் ஓரிரு குட்டிகளே போடும் இனம் அது. சில வருடங்களிலேயே பிடிபாடு உச்சத்தைத் தொட்டு, பின்னர் சரிந்துவிட்டது.

அந்த எண்ணெயிலிருந்து எடுக்கும் ஸ்குவாலீன் முகப்பூச்சுகளிலும் சேர்க்கப்படுகிறது. அதே பொருளைச் சைத்தூன் எண்ணெயிலிருந்தும் கரும்பிலிருந்தும் பெறலாம். எனவே சகோதரிகளே, அடுத்த முறை கிறீம் வாங்கும்போது அதன் பெட்டியைத் திருப்பி வாசியுங்கள். எதிலிருந்து எடுத்தது என்று எழுதப்படாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.