வெள்ளையடித்தால் வீடு புதுசாகுமா?



வீட்டை விற்க நினைப்பவர் முதலில் கூப்பிடுவது புரோக்கரை. அடுத்துக் கூப்பிடுவது பெயின்டரை. என் அப்பா பெயின்டர் என்பதால் இது எனக்கு நன்றாகவே தெரியும். "நாலு நாள்ல முடிச்சுக் குடுப்பா, ஞாயித்துக்கெழமை பார்ட்டி வர்றாங்க" என்ற வார்த்தையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான்.

அமெரிக்காவில் இதை 'ஹோம் ஸ்டேஜிங்' என்று தனித் தொழிலாகவே நடத்துகிறார்களாம். வாடகைக்குச் சோபா, வாடகைக்குப் படம், வாடகைக்குப் பூச்சாடி. வீடு விற்றதும் எல்லாம் லாரி ஏறிப் போய்விடும். நம் ஊரில் அந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான். வேலை ஜோராக நடக்கிறது!

விற்கிற வீட்டைச் சுத்தம் செய்யக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒட்டடை அடிக்கட்டும், உடைந்த குழாயை மாற்றட்டும், வாசலில் பெரிய கோலமாகப் போடட்டும். அழுக்காக இருக்கிற ஒரே காரணத்துக்காக நல்ல வீட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்கிற ஆசாமிகளும் இருக்கிறார்கள். என் ஆத்திரம் அலங்காரத்தின் மேல் இல்லை. மறைப்பதன் மேல்!

எப்படியெல்லாம் மறைக்கிறார்கள் தெரியுமா? சுவரில் விரிசல் இருக்கும் இடத்தில் பெரிய சாமி படம் மாட்டிவிடுவார்கள். சாமி படத்தைக் கழற்றிக் காட்டுங்கள் என்று யார் கேட்பார்கள்? ஓத வாடைக்குச் சாம்பிராணி. கோடையில் தண்ணீர் வராத வீடென்றால், முதல் நாள் ராத்திரியே டேங்கர் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். காலையில் பைப்பைத் திறந்தால் காவேரிதான்! கூரை ஒழுகும் வீட்டைச் சித்திரை, வைகாசியில் காட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் காட்டவே மாட்டார்கள்.

புது பிளாட் கம்பெனிகளின் மாடல் வீடு இன்னும் ஒரு படி மேல். அளவெடுத்துச் செய்த சின்னக் கட்டில், சுவர் முழுக்கக் கண்ணாடி, உள் அறைகளுக்குக் கதவே இல்லாமல் திறந்த நிலை. 10 அடி அறை 14 அடி போலத் தெரியும். நம் வீட்டுப் பீரோவைக் கொண்டுபோய் வைத்தால்தான் உண்மை தெரியும்.

இதிலெல்லாம் மோசமானது பட்டி பார்த்து ஓதத்தை மூடுவது. நாம் படித்ததுதானே? ஈரத் தடுப்புப் படலம் சரியில்லாத சுவரில் செங்கல் தரையின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த உப்பு சுவரிலேயே தங்கும். அதன்மேல் பட்டியும் எமல்ஷனும் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. கொஞ்ச நாள் பொறுத்துக் கொப்புளமாகக் கிளம்பும். அப்பா இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "சொவரு காயாம அடிச்சா, பெயின்ட்டு ஒரு மழைக்குத்தான்."

எங்கள் பகுதியில் ஒருவர் ரிட்டயர்மென்ட் பணம் மொத்தத்தையும் போட்டுப் பழைய வீடு ஒன்று வாங்கினார். முதல் கார்த்திகை மழையிலேயே ஹால் சுவர் தோல் உரிவது போல உரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டார். சுரண்டச் சுரண்டப் பட்டிக்கு மேல் பட்டி, மூன்று அடுக்கு! அடியில் செங்கல் கையோடு பொடியாக வந்தது. "இதுக்குப் பெயின்ட்டு மருந்து இல்லீங்கய்யா, கொத்தனாரைக் கூப்புடுங்க" என்று அப்பா சொன்னபோது, அந்தப் பெரியவர் பதில் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்ததில் ஒரு பகுதி அந்தச் சுவருக்குள் போனது.

"பொண்ணு பார்க்க வர்றப்ப அலங்காரம் பண்ண மாட்டோமா?" என்பார்கள் புரோக்கர்கள். (பெண்ணும் விற்பனைச் சரக்கா என்பதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.) "வாங்குறவன் கண்ணைத் தொறந்து பார்த்து வாங்கட்டும்" என்பது அடுத்த வாதம். சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவு. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத முக்கியமான குறை, விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதை அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஓதத்தை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், சரி. ஆனால் பட்டி போட்டு அதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியது யார்? மூடிய கையாலேயே, சொல்ல வேண்டிய கடமையையும் அவர் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்பது என் வாதம்.

மாடல் வீட்டுக்காரர்களுக்கு 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது. மாடல் வீட்டை நம்பிப் பணம் கட்டி, அது பொய்யாகி நஷ்டப்பட்டால் ஈடு கேட்கலாம் (பிரிவு 12). வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர் செலவிலேயே சரி செய்து தர வேண்டும் (பிரிவு 14). ஆனால் ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது இந்தச் சட்டம் துணைக்கு வராது.

நண்பர்களே, நாளைக்கு சைட் சூப்பர்வைசராகப் போகப் போவது நாம்தான். பலகை பிரித்ததும் தூணில் ஜல்லி தெரியும். "கஸ்டமர் வர்றதுக்குள்ள சிமெண்ட் பாலைத் தடவி மூடுப்பா" என்று நம்மிடம்தான் சொல்வார்கள். உள்ளே ஈரம் போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதற்குள் நமக்கு வேறு சைட், வேறு கம்பெனி. அந்தத் தூணுக்குக் கீழே தூங்குகிறவர் மட்டும் அதே இடத்தில் இருப்பார். நாம் என்ன செய்யப் போகிறோம்?

ஒரு யோசனை சொல்கிறேன். மாணவர் பேரவை இதை எடுத்துக்கொள்ள வேண்டும். வீடு வாங்கப் போகிற சாதாரண ஜனங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சிவில் மாணவர்கள் இரண்டு பேர் போய்ப் பார்த்துச் சொல்லலாம், இலவசமாக. சுவரின் கீழ் 3 அடியைக் காசால் தட்டினால், பூச்சு விட்டுப்போன இடம் பொத்தென்று சத்தம் கொடுக்கும். மொட்டை மாடி ஏறித் தட்டோடு இடுக்குகளைப் பார்க்கலாம். விரிசல் மேல் கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்து, சில வாரம் கழித்துப் போனால், அது உடைந்திருக்கிறதா என்பதை வைத்து விரிசல் வளர்கிறதா என்று சொல்லலாம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் மே மாதத் தண்ணீரைப் பற்றி விசாரிக்கலாம். ஆபத்தாகத் தெரிந்தால் நம் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தூக்குக்குண்டும் ரசமட்டமும் நம் லேபிலேயே இருக்கின்றன. துறைத் தலைவரிடம் முறையாகக் கேட்டால் தருவார். ஐப்பசி மழைக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டால் நல்லது. பேரவைச் செயலாளர் அடுத்த கூட்டத்தில் இதை வைக்கட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் வருகிறேன், கூட ஒரு ஆள் வேண்டும்.