கூடு விட்டுக் கூடு

வாடகைக்கு வீடு பிடிப்பதைக் காட்டிலும் கஷ்டமான காரியம் உலகத்தில் வேறொன்றும் இல்லை என்று நாம் நெடுநாளாக எண்ணியிருந்தோம். சென்ற மாதம் அந்த எண்ணம் மாறிவிட்டது. உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு வஸ்துவுக்கு வீடு பிடிக்கப் புறப்பட்டு நாம் பட்ட பாடு அப்படிப்பட்டது. அதைச் சொன்னால் நேயர்களில் சிலருக்கேனும் பிரயோஜனப்படும்.

எட்டு வருஷ காலம் நமக்கு ஊழியம் செய்த மடிக் கணினி ஒரு நாள் காலையில் கண் திறக்க மறுத்துவிட்டது. பழுது பார்ப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போய்விட்டது, ஸார்! இதற்குச் செலவழிப்பதை விடப் புதிது வாங்கிவிடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். அதிலிருந்த எட்டு வருஷத்துக் கேள்வித் தாள்கள் போனதற்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீர் கூட விடவில்லை. நம் மாணாக்கர்களும் விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நம் தாயார் காலமாவதற்கு முந்திய வருஷம் பேத்திக்குச் சொன்ன கதைகளை, இரவு இரவாக, அந்தக் கணினியில்தான் பதிவு செய்து வைத்திருந்தோம். வேறெங்கும் பிரதி இல்லை. நம் வீட்டு அம்மாள், "பெட்டி போனால் போகட்டும். அம்மாவின் குரல் போய்விட்டதா?" என்று கேட்டபோது நமக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

நம்மிடம் முன்பு படித்து, இப்போது எஞ்சினீயராயிருக்கும் அடுத்த வீட்டு இளைஞர்தாம் தைரியம் சொன்னார். "கணினி செத்தால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் செத்ததாக அர்த்தமில்லை, ஸார். இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் அது வெளியே வந்துவிடும். அதற்கு ஒரு கேஸிங் வாங்கிப் போட்டு வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் அப்படியே இருக்கும்" என்றார். கேஸிங் என்பதை நாம் கூடு என்று சொல்லலாம். கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தையைச் சித்தர்கள் மட்டுமே அறிவார்கள் என்று நினைத்திருந்தோம். சில நூறு ரூபாயில் கடையில் கிடைக்கிறதென்றால் சந்தோஷந்தானே?

உடனே ரிச்சி தெருவுக்குப் போய், "ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு கேஸிங் கொடுங்கள்" என்று கேட்டோம். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், நம் டிஸ்க் அதற்குள் கல்யாண மண்டபத்தில் படுத்த குழந்தை மாதிரி இருந்தது. குற்றம் கடைக்காரருடையது அல்ல. அளவு சொல்லாமல் சட்டை கேட்டவர் நாம்.

ஆகவே முதல் பாடம் அளவு. மேஜைக் கணினியில் இருக்கும் டிஸ்க் மூன்றரை அங்குல வகை. மடிக் கணினியில் இருப்பது இரண்டரை அங்குல வகை. பெரியதன் மோட்டார் சுழல்வதற்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். அதை யு.எஸ்.பி. வடம் சாதாரணமாய்த் தருவதில்லை. அதனால் பெரிய கூட்டுக்குத் தனியாக ஒரு மின் இணைப்பும் வேண்டியிருக்கிறது. சிறியதற்கு 5 வோல்ட் போதும். ஒரே வடம் சோறும் போட்டுச் செய்தியும் சுமக்கும். இரண்டரை அங்குலத்திலும் கனத்தைக் கவனிக்க வேண்டும். 7 மில்லிமீட்டரும் 9.5 மில்லிமீட்டரும் சாதாரணம். அதற்கு மேல் கனமானவையும் உண்டு. மெல்லிய கூட்டில் தடித்த டிஸ்க்கைத் திணிக்கப் பார்ப்பது வீண் முயற்சி.

இரண்டாவது பாடம் பல் பொருத்தம். மிகப் பழைய டிஸ்க்குகளில் ஊசி ஊசியாக இரண்டு வரிசைக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். 2003-ஆம் வருஷத்துக்குப் பிறகு பரவிய ஸாட்டா வகையில் ஊசி கிடையாது. தட்டையான இரண்டு நாக்குகள், ஒவ்வொன்றின் ஓரமும் சற்றே மடங்கியிருக்கும். நம்முடையது இவ்வகை. புதிய மடிக் கணினிகளிலோ டிஸ்க் என்று சொல்லத்தக்கதே இல்லை. சூயிங் கம் பட்டை போல் 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சில்லுப் பட்டைதான் இருக்கிறது. எம்.2 என்று அதற்குப் பெயர். பார்வைக்கு ஒன்று போலிருக்கும் இந்தப் பட்டையிலும் ஸாட்டா என்றும் என்.வி.எம்.இ. என்றும் இரண்டு இனம் உண்டு. ஒன்றுக்கென்று செய்த கூட்டில் மற்றது பேசாது. இரண்டையும் ஏற்கும் கூடுகள் வருகின்றன. விலை சிறிது அதிகம். ஆகவே கடைக்குப் போகிறவர்கள் டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துப் போவதே உத்தமம். இரண்டாம் முறை நாம் அப்படித்தான் செய்தோம்.

மூன்றாவது பாடம் வேகம். இதில்தான் கடைக்காரர்கள் நம் பணப்பையின் ஆழத்தைப் பார்க்கிறார்கள். 2000-ஆம் வருஷத்தில் வந்த யு.எஸ்.பி. 2.0 வினாடிக்கு 48 கோடி பிட் கடத்தும் என்று கணக்கு. நடைமுறையில் முப்பது, நாற்பது மெகாபைட்தான் தேறும். 2008-இல் வந்த யு.எஸ்.பி. 3.0 வினாடிக்கு 500 கோடி பிட். நம்முடையது போன்ற சுழலும் டிஸ்க் வினாடிக்குச் சுமார் நூறு மெகாபைட் கொடுக்கும். இனி வகுப்பில் கணக்குப் போடுவது போல் போட்டுப் பாருங்கள். 500 கிகாபைட்டைப் பழைய வடத்தின் வழியே எடுக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம். புதியதில் ஒன்றரை மணிக்குள் முடியும். எனவே 3.0 வாங்குவது நியாயம். அதற்கு மேலும் போய், வினாடிக்கு ஆயிரம் கோடி பிட் கடத்தும் கூட்டைச் சுழலும் டிஸ்க்குக்கு வாங்குவது, மாட்டு வண்டிக்கு ரயில் பாதை போட்டுக் கொடுப்பதற்குச் சமானம். அந்த வேகம் என்.வி.எம்.இ. பட்டைக்கே தகும். அந்தப் பட்டை நன்றாய்ச் சூடேறும். ஆதலால் அதற்கு அலுமினியக் கூடே ஏற்றது. நம் டிஸ்க்குக்குப் பிளாஸ்டிக்கே போதும்.

இங்கே ஒரு சிறு சரித்திரம். உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐ.பி.எம். கம்பெனி 1956-இல் வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தகடுகள்; எடை ஏறக்குறைய ஒரு டன். அத்தனை பெரிய யந்திரத்தில் அடங்கியது ஐம்பது லட்சம் எழுத்துக்களே. நம் தாயாரின் ஒரு கதை கூட முழுதாய் அதில் கொள்ளுமா என்பது சந்தேகம். அதற்குக் கூடு கேட்டிருந்தால் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்!

நிற்க. சரியான கூட்டுடன் வீடு திரும்பி, டிஸ்க்கை அதில் பொருத்தி, மகளின் கணினியில் மாட்டினோம். அது "டிக், டிக்" என்று இரண்டு மூன்று தடவை சப்தித்துவிட்டு ஓய்ந்தது. மறுபடி மாட்டினோம். இம்முறை திரையில், 'இந்த டிஸ்க்கை உபயோகிக்கும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்; செய்யலாமா?' என்று ஒரு கேள்வி தோன்றியது. கேள்வி என்னவோ மிக மரியாதையாகத்தான் இருந்தது. மகளின் விரல் 'ஆம்' என்பதை நோக்கிப் போயிற்று. நல்ல வேளையாக அடுத்த வீட்டு இளைஞர் பக்கத்தில் நின்றார், "வேண்டாம், பாப்பா!" என்று கூவினார். அதற்குச் சம்மதித்தால் டிஸ்க்கின் பொருளட்டவணை அழிக்கப்பட்டு, உள்ளே இருப்பவற்றைத் தேடி எடுப்பது பெரும்பாடாகிவிடுமாம். பழைய டிஸ்க்கை மாட்டும்போது இந்தக் கேள்வி வந்தால் ஒரே பதில் 'இல்லை' என்பதுதான். நேயர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பிறகு இளைஞர் காரணத்தைத் தேடினார். மேஜையின் தூரத்தைக் கருதி நாம் வேறொரு நீண்ட, மெல்லிய வடத்தைப் போட்டு, அதையும் நான்கு கருவிகள் பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு ஹப்பில் சொருகியிருந்தோம். யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லியாம்பியர்தான் தரக் கடமைப்பட்டது, 3.0 துளை 900. சுழலத் தொடங்கும் கணத்தில் டிஸ்க் அதற்கு மேலும் கேட்பதுண்டு. வயிற்றுக்குப் போதாமல் அது எழுந்து எழுந்து விழுந்திருக்கிறது. கூட்டுடன் வந்த குட்டை வடத்தைக் கணினியின் நீல நாக்குத் துளையில் நேரே சொருகினார். டிஸ்க் மெல்ல ரீங்காரம் செய்துகொண்டு சுழன்றது.

இன்னும் ஒரு எச்சரிக்கையும் அவர் சொன்னார். போதிய மின்சாரம் கொடுத்தும் அந்த "டிக், டிக்" நிற்காவிட்டால் நோய் கூட்டில் இல்லை, டிஸ்க்கில்தான். அப்போது திரும்பத் திரும்ப மாட்டிப் பார்ப்பது இருப்பதையும் கெடுக்கும். எடுத்து வைத்துவிட்டு, தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கொண்டு போக வேண்டும். புதிய கணினிகள் சிலவற்றில் டிஸ்க் முழுவதும் பூட்டெழுத்தில் இருக்குமாம். விண்டோஸ் கணினியானால், கூடு மாற்றியவுடன் 48 இலக்கமுள்ள ஒரு திறவுகோல் எண்ணைக் கேட்குமாம். கணினி நன்றாயிருக்கும்போதே அதை எழுதி வைத்துக்கொள்வது நலம்.

திரையில் பழைய பெயர்கள் வரிசையாகத் தோன்றின. கேள்வித் தாள்களைத் தாண்டி, 'பாட்டி கதை' என்ற கோப்பை மகள் திறந்தாள். காக்கையும் நரியும் கதை. வடை சுட்ட பாட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்த நம் தாயார் நடுவில் நிறுத்தி, "ஏண்டா, உனக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா? விளக்கை அணைத்துவிட்டுப் படு!" என்றார். நாற்பது வயதைத் தாண்டிய உபாத்தியாயருக்கு இட்ட கட்டளை அது. நம் வீட்டு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாமும் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தோம். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அன்றிரவே இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒன்று புதிய டிஸ்க்கில் நம் வீட்டிலேயே இருக்கிறது. மற்றொன்று தங்கையின் வீட்டில். ஏனென்றால் கூடு பத்திரமான பெட்டகம் அல்ல. அது ஒரு வாசல் மட்டுமே. எவ்வளவு நல்ல கூட்டில் இருந்தாலும் சுழலும் டிஸ்க் ஒரு நாள் ஓயத்தான் செய்யும். ஒரே இடத்தில் இருப்பது, இல்லாததற்குப் பாதி சமானம். இதை எழுதி முடித்ததும் நேயர்களும் தங்கள் வீட்டுக் கணினியில் யாருடைய குரல் தனியாக இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வார்களானால், நாம் ரிச்சி தெருவுக்கு இரண்டு தடவை நடந்தது வீண் போகாது.